மேசைக்கு அடியில் ஒரு ஜாக்கி

காரைத் தூக்குகிற ஜாக்கியை மேசைக்கு அடியில் வைக்கப்போகிறேன் என்று சொன்னால் யாரும் ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பாடிப் பக்கம் பழைய வண்டிச் சாமான் விற்கிறவரும் அப்படித்தான் பார்த்தார். குவியலிலிருந்து ஆறு ஜாக்கிகளை உருவிப் போட்டு, ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, குனிந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த உதயகுமாரிடம், என்ன வண்டி என்று கேட்டார். வண்டியே இல்லை என்றான் அவன். அதற்குமேல் அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

அவன் தேடியது ஆட்டமில்லாத ஜாக்கி. சுற்றினால் ஏற வேண்டும், விட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மயிரிழைகூட இறங்கக் கூடாது. இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தான். மூன்று மாதமாக எதை எடுத்தாலும் இப்படி இரண்டு தடவை பார்க்கிறான், அது வேறு விஷயம்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு சந்தின் கடைசியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில், அவனும் அவன் அக்கா அனுசுயாவின் புருஷன் வேம்புலியும் மரப்பட்டறை நடத்தி வந்தார்கள். வேம்புலி தச்சர். உதயகுமார் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, கம்பெனியை இழுத்து மூடியதும் மாமாவோடு வந்து சேர்ந்தவன். சுற்றுவட்டாரத்துப் புது ஃப்ளாட்டுகளுக்கு அலமாரிக் கதவு, பூஜை அறைக் கதவு எல்லாம் செய்தார்கள். மரத்தைப் பற்றி மாமா முடிவு பண்ணுவார், இரும்பையும் கரண்டையும் பற்றி மச்சான் முடிவு பண்ணுவான். ஆறு வருஷம் சண்டையில்லாமல் ஓடியது.

பட்டறையில் பாதி வேலையைத் தூக்கிச் சுமந்தது ரூட்டர்தான். மரத்தின் ஓரத்தை உருட்டவும் பள்ளம் எடுக்கவும் இருக்கிற கருவி அது. அதன் நுனியில் மாட்டுகிற பிட் என்கிற வெட்டுக் கத்தி நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுச் சுற்றும். இவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு மேசைக்கு அடியில் மாட்டியிருந்தார்கள். பிட் மட்டும் மேசையிலுள்ள ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். பலகையை அதன் பக்கமாகத் தள்ளினால் ஓரம் வழவழவென்று வந்துவிடும். ஒரே தொல்லை, பிட்டை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் குனிந்து, அடியில் கையை விட்டு, ரூட்டரைத் தளர்த்தித் தள்ள வேண்டும்.

ஆகஸ்டில் அப்படிக் கையை விட்டபோதுதான் வேம்புலிக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. கரண்ட் போயிருந்த நேரம் அது. கரண்ட் திரும்பி வந்தது, மெஷின் சுற்றியது, அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த பிறகு வேம்புலி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். மேசைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. தன்னிடமிருந்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இனி நீயே பூட்டிக்கொள், நான் பூட்டினால் பூட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே உதயகுமார் ரூட்டருக்கு ஒரு லிஃப்ட் செய்ய உட்கார்ந்தான். மேசைக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு கைப்பிடியைச் சுற்றினால் ரூட்டர் தானாக ஏற வேண்டும், இறங்க வேண்டும். கையை அடியில் விடுகிற பேச்சே இருக்கக் கூடாது. அதைச் செய்து காட்டிவிட்டால் மாமா திரும்பி வந்துவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முதலில் மரை போட்ட நீளக் கம்பியும் ப்ளைவுட் சட்டமும் வைத்துச் செய்தான். ஐப்பசி மழையில் ப்ளைவுட் ஊதிப்போய், ரூட்டர் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பிரித்துப் போட்டான். இரண்டாவதுதான் ஜாக்கி. மேசையின் பெட்டிக்குள் ஜாக்கியை நிறுத்தி, அதன் தலையில் ரூட்டரைச் சுமக்கிற இரும்புத் தட்டை வைத்து, தட்டு கோணாமல் ஏறி இறங்க இரண்டு பக்கமும் டிராயருக்குப் போடுகிற சேனலை அடித்தான். கைப்பிடியை முன்பக்கப் பலகையில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுவந்தான். அதிர்வில் மரை நழுவிவிடுமோ என்று பயந்து ஒரு பூட்டு போல்ட் வைத்தான். அப்புறம் அந்த போல்ட் நழுவிவிடுமோ என்று பயந்து இன்னொரு போல்ட் வைத்தான். ஓடவிட்டு, நிறுத்தி, பிட்டின் உயரத்தை அளந்து சுவரில் பென்சிலால் எழுதுவான். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளப்பான். சுவர் முழுக்க ஒரே எண்ணாக எழுதி வைத்திருந்தும் அவனுக்குத் திருப்தி வரவில்லை.

திருப்தி வராததற்குக் காரணம் ஜாக்கி இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இதையெல்லாம் மறைத்துவைத்து வேடிக்கை காட்டுகிற உத்தேசம் எனக்கில்லை.

கரண்ட் போனால் நம் ஆட்கள் ஏதாவது ஒரு ஸ்விட்சைப் போட்டே வைப்பார்கள். வந்தால் தெரிய வேண்டுமே. வீட்டில் அது ஃபேன். பட்டறையில் உதயகுமாருக்கு அது தூசி உறிஞ்சுகிற வாக்குவம். கரண்ட் வந்ததும் அது போடுகிற இரைச்சல் சந்துமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். பாதி டீயோடு ஓடிவந்துவிடலாம். இதை அவன் ஒரு பெரிய கெட்டிக்காரத்தனமாக வைத்திருந்தான். அந்த வாக்குவமும் ரூட்டரும் தரையில் கிடந்த ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், ஒரே ஸ்விட்சில் இருந்தன. ரூட்டரின் சொந்த ஸ்விட்ச் மேசைக்கு அடியில் எட்டாத இடத்தில் இருந்ததால் அதை எப்போதும் போட்டபடியே பூட்டி வைத்திருந்தார்கள். கம்பெனியில் இப்படி ஒரு மெஷினை எவனாவது வைத்திருந்தால் உதயகுமாரே அவனைக் கிழித்திருப்பான். சொந்தப் பட்டறையில் எல்லாம் நடக்கும்.

அன்றைக்குக் கரண்ட் போனதும் வேம்புலி பெட்டியின் ஸ்விட்சை ஒழுங்காக அணைத்தார். அணைத்துவிட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் பிட்டை ஏற்றி வைப்போம் என்று ஸ்பேனர் எடுக்க மூலைக்குப் போனார். டீக்கடைக்குக் கிளம்பிய உதயகுமார், போகிற போக்கில், கால் பெருவிரலால் அந்த ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனான்.

ஆட்டோவில், துணியில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு வேம்புலி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஸ்விட்ச் போட்டிருந்ததா என்று கேட்டார். ஆமாம் மாமா என்றான் உதயகுமார். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை. அணைத்த மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது, அப்படியானால் மறந்துதான் போயிருக்கிறேன் என்றார் வேம்புலி. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வரட்டும் என்று நினைத்தான். பிறகு தையல் பிரியட்டும் என்று நினைத்தான். அப்புறம் லிஃப்ட் முடியட்டும் என்று நினைத்தான்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை அனுசுயா பட்டறைக்கு வந்தாள். ஆவடிப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் வேம்புலிக்கு செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாளாம், கிடைத்துவிட்டதாம். திங்கள்கிழமை சேர வேண்டும். நீல யூனிஃபார்மும் கயிறு கட்டிய விசிலும் வீட்டுக்கே வந்துவிட்டன. யூனிஃபார்மை அவளே தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். நாளைக்குள் இந்த மேசையை அவர் பார்த்து, மனசு மாறினால் மாறட்டும், இல்லாவிட்டால் தச்சு வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள்.

அவருக்கு மெஷினைக் கண்டால் பயம், அதைத்தான் நான் சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றான் உதயகுமார்.

"மெஷின் பயம் இல்லடா அது. ஊட்டப் பூட்டிகினு தெரு முனை வரைக்கும் போறாரு, திரும்பி வந்து பூட்டை இஸ்துப் பாக்குறாரு. நேத்து மூணு தடவ. குழாய மூடினேனா, கேஸ மூடினேனான்னு என்னையே கேட்டுகினு கீறாரு."

உதயகுமார் அந்தப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு போல்ட்டை முறுக்கினான். லிஃப்ட் மட்டும் நன்றாக ஓடிவிட்டால் போதும், அவர் சரியாகிவிடுவார் என்று மறுபடி சொல்லிக்கொண்டான். இந்தத் தடவை அவனாலேயே அதை நம்ப முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் இன்னொன்றும் செய்தான். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஸ்டார்ட்டர் இருக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். கரண்ட் போனால் தானே விட்டுவிடும். திரும்பி வந்தாலும் பச்சையை அமுக்காமல் ஓடாது. அப்படி ஒரு ஸ்டார்ட்டரை வாங்கிவந்து மேசையின் முன்பக்கம் பொருத்தி, ரூட்டரை அதில் கொடுத்தான். வாக்குவத்தைத் தனி ப்ளக்கில் மாற்றினான். ஆகஸ்டுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒரு ஒயரை இரண்டு முறை சீவினான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேம்புலியும் அனுசுயாவும் ஒரே குடையில் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அனுசுயா வாசலிலேயே நின்றுவிட்டாள். வேம்புலி வலது கையை பேன்ட் பையிலிருந்து எடுக்காமல் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். ஜாக்கியைப் பார்த்ததும் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. உதயகுமாருக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுகை வரும்போல இருந்தது, மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு அது.

இடதுபக்கச் சேனல் அரை நூல் வெளியே ஓடுகிறது என்றார். உண்மைதான். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை அளவு நாடா இல்லாமல் சொல்லிவிட்டார். பிறகு, பையிலிருந்து வலது கையை எடுத்து, மிச்சமிருந்த விரல்களால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். பிட் ஓட்டை வழியாக மெல்ல ஏறி வந்தது. இறக்கினார், மறுபடி ஏற்றினார். தேக்குத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான் உதயகுமார். வேம்புலி அதை வாங்கி, இழை ஓடுகிற பக்கம் பார்த்துத் திருப்பிப் பிடித்தார். பச்சைப் பொத்தானை உதயகுமார்தான் அமுக்கினான். வாக்குவம் இரைந்தது, ரூட்டர் வீறிட்டது. வேம்புலி பலகையைத் தள்ளினார். ஓரம் ஒரு பிசிறில்லாமல் உருண்டு வந்தது.

இரண்டாவது துண்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. கூரைமேல் மழை மட்டும் கேட்டது. வேம்புலி பலகையைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். வலது கையை இடது அக்குளில் இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகலாமா, ஏதாவது சொல்லலாமா என்று உதயகுமாருக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பார்த்தா போக வேண்டும் என்று மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டே கைப்பிடியைத் துணியால் துடைத்தான். இரண்டு நிமிஷம் இருக்கும். திடீரென்று வாக்குவம் பேய் மாதிரி அலறியது. கரண்ட் வந்துவிட்டது. வேம்புலி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ரூட்டர் சுற்றவில்லை. பிட் ஆடாமல் அசையாமல் நின்றது. உதயகுமார் ஓடிப்போய் வாக்குவத்தை அணைத்தான்.

வேம்புலி கண்ணைத் திறந்தார். பிட்டைப் பார்த்தார். அது ஏன் சுற்றவில்லை என்று கேட்டார். உதயகுமாருக்கு உயிர் வந்தது. மளமளவென்று ஸ்டார்ட்டரைக் காட்டி விளக்கினான். "கரண்ட் போச்சுன்னா இது தானா வுட்டுரும் மாமா. பச்சைய அமுக்கினாத்தான் ஓடும். இனிமே யாரு மறந்தாலும் ஒண்ணும் ஆவாது."

சொல்லி முடித்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேம்புலியின் முகத்தில் வந்திருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"எனக்குன்னுதான் வச்சிகீற. நல்லதுதான் மச்சான், கரீட்டாத்தான் பண்ணிகீற. ஆனா இதுக்கு ஒண்ணு வச்சே, நாளைக்கு நான் இன்னும் எதையாவது மறப்பேன். உன் கையும் போவும். வாணாம்." மேசைமேல் விழுந்திருந்த தூளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அனுசுயாவைப் பார்த்து, போகலாம் வா என்றார். எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டவரின் சமாதானம் அவர் குரலில் இருந்தது. அதுதான் உதயகுமாரை உடைத்தது.

"நீ மறக்கல மாமா."

அவர் நின்றார்.

"நீ ஆஃப் பண்ணிட்டுத்தான் ஸ்பேனர் எடுக்கப் போன. நான்தான் திரும்பப் போட்டேன். வாக்குவத்துக்காவ. டீக்கடையில சத்தம் கேக்கணும்னு. ரூட்டர் அதுல கீறது எனக்கு நெனப்பே இல்ல."

மூன்று மாதமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான், மன்னிப்புக் கேட்டு, காலில் விழுந்து, காரணமெல்லாம் அடுக்கி. வந்தது இவ்வளவுதான்.

வேம்புலி திரும்பி வந்து அவன் முன்னால் நின்றார். "நான் ஆஃப் பண்ணேனா?"

"பண்ண."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா. பாத்துட்டுத்தான் போட்டேன்."

"பண்ணேன்ல?" என்று மூன்றாவது தடவையும் கேட்டார். அந்தக் கேள்வி உதயகுமாருக்கானதாகத் தெரியவில்லை. தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்தது, வலியில் அன்றைக்குக்கூட வராத நீர். அன்றைக்கு அணைத்த அந்த ஸ்விட்சை இடது கையால் காற்றில் ஒருமுறை அணைத்துப் பார்த்தார்.

அனுசுயா உள்ளே வந்து, அடுக்கி வைத்திருந்த பலகைமேல் உட்கார்ந்தாள். தம்பியை அடிப்பாள், வைவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. "நானும்தான்டா அவர நம்பல. அவரு மூடின கேஸ நானே போயிப் போயித் தொட்டுப் பாத்துகினு கீறேன், அவருக்கு எதுர்லயே" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வேம்புலி மூக்கை உறிஞ்சி, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஜாக்கியைக் காட்டிக் கேட்டார்.

"இத்தப் பண்றதுக்கு எத்தினி நாளு ஆச்சு உனக்கு?"

"ரெண்டரை மாசம்."

"இப்ப சொன்னியே, அத்தச் சொல்ல எத்தினி நேரம் ஆச்சு?"

கேட்டுவிட்டு வேம்புலி திரும்பினார். மேசைக்குப் போனார். பாதியில் நின்ற தேக்குத் துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பழக்கத்தில் வாக்குவத்தைப் போட உதயகுமார் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"நீ அங்கியே நில்லு."

வாக்குவத்தை அவரே போட்டார். பச்சைப் பொத்தானை அவரே, கணு போன அந்த ஆள்காட்டி விரலால் அமுக்கினார். அந்தத் துண்டை முடித்தார். மூலையில் ஆகஸ்டிலிருந்து சாய்ந்து கிடந்த பூஜைக் கதவின் சட்டங்கள் நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து ஓரம் உருட்டினார். கைப்பிடியைச் சுற்றும்போது இரண்டு முறை வழுக்கியது, நிறுத்தி, பிடியை மாற்றிக்கொண்டு சுற்றினார். ஜாக்கி சொன்ன இடத்தில் நின்றது. உதயகுமார் சொன்ன இடத்தில் நின்றான். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை அனுசுயா எழுந்துபோய், செக்யூரிட்டி வேலைக்குச் சொன்ன இடத்துக்குப் போன் பண்ணி, திங்கள்கிழமை அவர் வரமாட்டார், யூனிஃபார்மை நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சட்டங்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு வேம்புலி சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ரூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கி மேசைமேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். பிறகு உதயகுமாரிடம் கையை நீட்டினார்.

"சாவி."

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். திங்கள்கிழமை எட்டு மணிக்குத் திறப்பேன் என்றார் வேம்புலி. நீயும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, விரல் போன கையால் பூட்டைப் பிடித்து, மற்றக் கையால் சாவியைத் திருப்பினார். சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சந்தில் நடந்தார்கள். உதயகுமார் ஷட்டருக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையைத் தாண்டினார்கள். இப்போது நிற்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், அப்போது கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசிவிடலாம் என்று அவன் காத்திருந்தான். சந்துமுனையில் அனுசுயாதான் ஒரு கணம் தயங்கி அவரைப் பார்த்தாள். வேம்புலி திரும்பவே இல்லை. பூட்டையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபடி நடந்து, முனை திரும்பிப் போய்விட்டார்.